பேனிக் அட்டாக்கும் விசுவாசமும்: சிஸ்டரிடம் கேளுங்கள்

மனநலப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். சபையில் பெண்கள் ஐக்கியத்திலும் இருக்கிறேன். கேளுங்கள். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

கேள்வி: ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின, செத்துவிடுவேன் என்று தோன்றியது. எழுந்து ஓடிவந்தேன். அதன்பின் சபைக்கே போகவில்லை. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா சிஸ்டர்?

இல்லை அம்மா. முதல் தடவை என்றால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். தைராய்டு, ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள், இவற்றாலும் படபடப்பு வரும். எல்லாம் சரியாக இருந்தால் இது பெரும்பாலும் பேனிக்தான். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைக் கொட்டிவிடுகிறது. மூச்சு வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும் தலை லேசாவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் இறங்கிவிடும். சாகமாட்டீர்கள்.

வந்தால் இப்படிச் செய்யுங்கள். மூக்கால் மெல்ல இழுத்துக்கொண்டே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். "நான் தாழ்ச்சியடையேன்" என்பதை வாயால் மூச்சை விட்டபடி, இழுத்ததைவிட நீளமாகச் சொல்லுங்கள். அப்புறம், ஓடாதீர்கள். ஓடினால் சபை ஆபத்தான இடம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். இந்த ஞாயிறு வாசலோரம் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வந்தாலும் இறங்கும்வரை அங்கேயே இருங்கள். அடுத்த வாரம் ஒரு பெஞ்ச் முன்னால்.

விசுவாசம் பற்றிக் கேட்டீர்களே, 55-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். "மரணத்திகில் என்மேல் விழுந்தது. பயமும் நடுக்கமும் என்னைப் பிடித்தது" என்று எழுதியிருப்பது தாவீது.

கேள்வி: காகிதப் பைக்குள் மூச்சு விடலாமா?

வேண்டாம். ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து.

கேள்வி: பக்கத்து மெடிக்கலில் ஆல்பிரசோலம் என்ற பதற்றத்தை அடக்கும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். உடனே அடங்குகிறது.

அடங்கும், அதுதான் பிரச்சினை. பழகிவிட்டால் அது இல்லாமல் பஸ் ஏறமாட்டீர்கள். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். தினமும் போடுகிறவர் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள். பேனிக்குக்கு நீண்டநாள் கொடுக்கிற மருந்து வேறு வகை. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், ஆனால் இப்படி அடிமைப்படுத்தாது.

ஒரு சகோதரர்: சிஸ்டர், 2 தீமோத்தேயு 1:7 படிக்கவில்லையா? தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை. அந்த ஆவியைக் கட்டி ஜெபித்தால் போய்விடும். மாத்திரை அவிசுவாசம்.

படித்திருக்கிறேன் பிரதர். அதே தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 5:23-ஐயும் படியுங்கள். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார் பவுல். உன் வயிற்றில் ஆவி இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதே சகோதரர்: அது சரீர வியாதி. இது ஆத்துமா சம்பந்தப்பட்டது.

கை வியர்ப்பதும் இருதயம் தாறுமாறாக ஓடுவதும் சரீரம் இல்லாமல் என்ன? மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய வேலூர் சிஎம்சி மருத்துவமனை, பாகாயத்தில் மனநல மையமே நடத்துகிறது. வீட்டார் ஒருவர் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். அவர்களெல்லாம் அவிசுவாசிகளா?

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூச்சு வாங்குகிற பெண்ணைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, தலையை அழுத்திப் பிடித்து, மைக்கில் "வெளியே போ!" என்று கத்தினால் அவள் பயம் ஏறுமா, இறங்குமா? ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஜெபியுங்கள், போதும். ஒன்று கேட்கிறேன், நீங்கள் பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா?

அதே சகோதரர்: போடுகிறேன். அது வேறு.

சரி பிரதர்.

கேள்வி: எனக்கும் ஆராதனையில் படபடப்பு வருகிறது. விசுவாசக் குறைவா?

முதல் பதிலைப் படியுங்கள். ஈசிஜி எடுத்தீர்களா?

கேள்வி: நான் ஒரு போதகர். யாரை டாக்டரிடம் அனுப்புவது?

மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து வேலை, பயணம், சபையை விடுகிறவர்களை அனுப்புங்கள். தூக்கம் போனவர்களையும் அனுப்புங்கள். சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். இரவானாலும் 14416-ல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் இலவசமாகப் பேசும், தமிழிலும் பேசலாம். இன்னொன்று ஐயா, யாரையும் மேடையில் ஏற்றி "மாத்திரையை விட்டுவிட்டேன்" என்று சாட்சி சொல்லவைக்காதீர்கள். கேட்கிற நாலு பேர் மறுநாளே நிறுத்துவார்கள்.

கேள்வி: மெடிக்கலில் கேட்டால் ஆல்பிரசோலம்...

மேலே எழுதியாயிற்று. வாங்காதீர்கள்.

கேள்வி: உபவாச நாளில் கறுப்புக் காபி மட்டும் குடிப்பேன். அன்றைக்குத்தான் அதிகமாக வருகிறது. சத்துரு உபவாசத்தைத் தடுக்கிறானா சிஸ்டர்?

எத்தனை காபி?

ஆறு, ஏழு இருக்கும்.

வெறும் வயிற்றில் ஆறு காபி குடித்தால் எனக்கும் கை நடுங்கும். காபியை விட்டுத் தண்ணீர் குடியுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் எழுதுங்கள், பேசலாம்.