பஸ்ஸை விட்டுப் பாதியில் இறங்காமல் இருக்க: திடீர்ப் பீதியிலிருந்து மீளும் வழி

கேள்வி: எனக்கு வயது 34. மேலூரிலிருந்து தினமும் மாட்டுத்தாவணி வந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எட்டு மாதம் முன்பு ஒத்தக்கடை வரும்போது பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடவென அடித்தது, மூச்சு முட்டியது, விரலெல்லாம் மரத்துப்போனது. செத்துவிடுவேன் என்று பயந்து இறங்கிவிட்டேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். ‘கேஸ் டிரபிள்’ என்றார்கள். அப்புறம் இரண்டு தடவை வந்தது. இப்போது பஸ் ஏற முடியவில்லை. கடைத்தெருவுக்குக்கூட வீட்டுக்காரர் வந்தால்தான் போகிறேன். பாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள். மெடிக்கலில் வாங்கிய அல்பிரசோலம் மாத்திரை எப்போதும் பர்ஸில் இருக்கும், ஆனால் போட்டதில்லை. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான் மறுபடி தனியாகப் போக முடியுமா?
– பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: முடியும். இது நன்றாகக் குணமாகிற பிரச்சினை. வேலை இடத்தில் இன்னும் ஓரிரு வாரம் கேட்க முடிந்தால் மட்டும் கேட்டு வையுங்கள், அவசரம் இல்லாமல் பழகலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பஸ்ஸில் வந்தது பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பீதி. அது மறுபடி வருமோ என்று பயந்து பஸ், கூட்டம், கடைத்தெரு என ஒவ்வொன்றாக விட்டு வீட்டுக்குள் ஒடுங்குவதை அகோராஃபோபியா என்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து ஏதும் இல்லாதபோதே மூளை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சை வேகவேகமாக இழுத்துவிடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோமோ என்றும் தோன்றும். ஆனால் மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது. பீதியில் அழுத்தம் ஏறத்தான் செய்யும் என்பதால் மயங்கி விழுவது அபூர்வம். பீதி பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு நாம் ஒன்றும் செய்யாமலே தணியத் தொடங்கிவிடும்.

அன்று நீங்கள் இறங்காமல் இருந்திருந்தாலும் அந்தப் படபடப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கியிருக்கும். அதைப் பார்க்க உங்கள் மூளைக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ‘இறங்கினேன், பிழைத்தேன்’ என்றுதான் அது எழுதிவைத்துக்கொண்டது. கதவோர சீட், கையில் தண்ணீர் பாட்டில், வீட்டுக்காரருக்கு அடிக்கொரு போன், பர்ஸில் மாத்திரை எல்லாமே அதே கணக்கில் சேருகின்றன. ‘இது இருந்ததால் தப்பித்தேன்’ என்று நினைக்கிறவரைக்கும் பயம் போகாது. பயம் உச்சத்தில் இருக்கும்போது அந்த இடத்தை விட்டு விலகாமல் இருக்கப் பழகுவதுதான் சிகிச்சையின் மையம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

பழகுவதைச் சின்னதிலிருந்து தொடங்குங்கள். முதலில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள், பஸ் ஏற வேண்டாம். அது சலிப்பாகத் தோன்றும் வரைக்கும் தினமும் செய்யுங்கள். அடுத்து, வீட்டுக்காரரோடு நரசிங்கம்பட்டி வரைக்கும். பிறகு அதே தூரம் நீங்கள் பஸ்ஸில், அவர் பைக்கில் பின்னால். அப்புறம் தனியாக. அது பழகியதும் ஒத்தக்கடை, பிறகு மாட்டுத்தாவணி, கடைசியில் காலை நேர நெரிசலில். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் ஒரே நாளில் இரண்டு முறை போய்வந்தாலும் செலவில்லை. வாரத்துக்கு ஒருமுறை போவதைவிட அடுத்தடுத்த நாள் போவது வேகமாகப் பலன் தரும்.

ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். பயத்துக்கு 10-க்கு எத்தனை என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். யானைமலை கண்ணில் பட்டதும் 8 என்று எழுதுவீர்கள். கை வியர்க்கும், முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருப்பீர்கள், ‘நிறுத்துங்க, இறங்கணும்’ என்ற வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும். அப்போது பிடியைத் தளர்த்தி, கையை மடியில் வைத்து, ‘சரி, வரட்டும்’ என்று உட்கார்ந்திருங்கள். அடுத்தடுத்து எழுதும்போது 7, 6 என்று இறங்கும். ஒருநாள் அந்த மார்க் இறங்காமலே போனாலும் பரவாயில்லை. பயத்தோடேயே மாட்டுத்தாவணி போய்ச் சேர்ந்தீர்கள் என்பதே உங்கள் மூளைக்குப் புதுச் செய்தி. மூச்சை மெதுவாக விடுவது நல்லதுதான். ஆனால் பீதியை விரட்டியே ஆகவேண்டும் என்று மூச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேப்பர் கவரில் மூச்சுவிடும் பழைய முறையும் வேண்டாம்.

படபடப்பு என்ற உணர்வே பயமுறுத்துகிறது என்பதால், வீட்டில் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடி, வேண்டுமென்றே நெஞ்சை அடிக்க விடுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. காபியைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. துணைக்கு வருவது உங்கள் பாசம், அதில் குறை இல்லை. இனி அந்தப் பாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக் காட்டுங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று பத்து முறை தைரியம் சொல்வதைவிட, ‘எத்தனை மார்க்? சரி, உக்காந்திரு’ என்று போனில் ஒருமுறை சொல்வது உதவும். சில நாள் கழித்து அந்தப் போனும் வேண்டாம்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அல்பிரசோலம் உடனே அமைதி தரும், ஆனால் பழகிப்போகும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாத மருந்து அது. உங்களைப் போல் போடாமல் பர்ஸில் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பழகலாம். தினமும் போட்டு வருபவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பீதிக்கு முறையாகத் தரப்படுபவை எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்து ‘ஒத்துக்கவில்லை’ என்று நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாக ஆன பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள்.

கயிறு கையிலேயே இருக்கட்டும். சாமி கும்பிடுவதும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. அவிழ்ந்தால் பீதி வந்துவிடும் என்ற எண்ணம் வந்தால் மட்டும், அதையும் பழக வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வாரம் முயன்றும் முதல் படியே தாண்டவில்லை என்றால் தனியாகப் போராட வேண்டாம். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மேலூர் அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்றும் விசாரியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு வலி வந்தாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ பீதி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பழைய ஈசிஜி நார்மலாக இருந்தாலும்.