தீபாவளி முடியட்டும் என்றால் வால்வு கேட்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. ராஜபாளையத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டெல்லாம் வீங்கிப் படுத்திருக்கிறேன். 27 வயதில் இதய வால்வு சுருங்கிவிட்டது என்று பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். இத்தனை வருடம் ஓடிவிட்டது. இப்போது மாடிப்படி பாதியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு தலையணை வைக்கிறேன். எக்கோ எடுத்ததில் மைட்ரல் வால்வு 0.8 சதுர செ.மீ., நுரையீரல் அழுத்தம் அதிகம், துடிப்பு ஒழுங்கில்லை என்று வந்திருக்கிறது. வால்வை மாற்றச் சொல்கிறார் டாக்டர். மறுபடி பலூன் வைக்க முடியாதா? தீபாவளி சீசன் முடிந்து செய்துகொண்டால் போதுமா? உலோக வால்வு வைத்தால் ஆயுசுக்கும் மாத்திரை, திசு வால்வே மேல் என்கிறார் அண்ணன். பிறகு மிஷின் மிதிக்க முடியுமா?

பதில்: தீபாவளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான்கு கேள்விகளில் அவசரமானது அதுதான்.

நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தம் இதயத்தின் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் வாசல்தான் மைட்ரல் வால்வு. நல்ல வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்கும். உங்களுடையது 0.8, அதாவது ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் ரத்தம் இதன் வழியே இறங்கும். துடிப்பு வேகமானால் அந்த இடைவெளி சுருங்கும். இறங்க வழியில்லாத ரத்தம் நுரையீரலிலேயே தேங்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரவு இரண்டு மணி வரை மிஷின், நாலைந்து டீ, பிளவுஸ் ரெடியா என்று வாசலில் நிற்பவர்களிடம் சமாதானம். நீர் பிரியும் மாத்திரை போட்டால் அடிக்கடி எழுந்து போக வேண்டும் என்று அதையும் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவீர்கள். இதே நிலையில் இருந்தவர்களைப் பண்டிகைக்கு முந்தைய நள்ளிரவில், நுரையாக இருமிக்கொண்டு, உட்கார்ந்தபடியே அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த சீசனை விட்டுவிடுங்கள். ஆடியில் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், பரிசோதனைகளை ஆடியில் முடித்துக்கொண்டு ஆவணி பிறந்ததும் செய்துகொள்ளுங்கள். அதைத் தாண்டித் தள்ள வேண்டாம். நுரையீரல் அழுத்தம் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் இதயத்தின் வலது பக்கமும் களைத்துப்போகும். அந்த நிலையில் செய்யும் ஆபரேஷனில் ஆபத்தும் கூடுதல், கிடைக்கும் பலனும் குறைவு.

இன்னொன்று. துடிப்பு ஒழுங்கில்லை என்றால் மேலறை சரியாகச் சுருங்காமல் சும்மா அதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ரத்தம் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் ஆபரேஷன் தேதி வரை காத்திருக்காமல் நாளைக்கே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மறுபடி பலூன் வைப்பது பற்றி. சிலருக்கு இரண்டாவது முறையும் வைக்கலாம்தான். ஆனால் வால்வின் இதழ்கள் மெல்லியதாக, வளையக்கூடியதாக இருக்க வேண்டும். 19 வருடத்தில் சுண்ணாம்பு படிந்து தடித்துப்போயிருந்தால், பலூன் விரிக்கும்போது ஒட்டிய ஓரம் பிரிவதற்குப் பதில் இதழே கிழியும். கிழிந்தால் அதே இரவு அவசர ஆபரேஷன். வால்வில் கசிவு கூடுதலாக இருந்தாலோ, மேலறையில் ரத்தக்கட்டி இருந்தாலோ பலூன் கூடாது. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டார்களா, அதில் சுண்ணாம்பு, கசிவு, கட்டி இந்த மூன்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஒரு காகிதத்தில் பதில் இருக்கும்.

இனி எந்த வால்வு? உங்கள் அண்ணன் சொல்வது தப்பில்லை, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்யப்படும் திசு வால்வின் பெரிய சௌகரியம், முதல் சில மாதங்களுக்குப் பிறகு பலருக்கு ரத்தம் உறையாத மாத்திரை தேவைப்படாது என்பது. உங்களுக்குத் துடிப்பே ஒழுங்கில்லை. எந்த வால்வு வைத்தாலும் அந்த மாத்திரை பெரும்பாலும் தொடரத்தான் போகிறது. அப்படியானால் திசு வால்வின் லாபம் போய், நஷ்டம் மட்டும் மிஞ்சுகிறது. அது பொதுவாக 10 முதல் 15 வருடத்தில் தேய்ந்துவிடும். வயது குறைந்தவர்களுக்கும், மைட்ரல் இடத்திலும் இன்னும் சீக்கிரமாகவே. 60 வயதை ஒட்டி இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். 65 வயதுக்குக் கீழே மைட்ரல் வால்வு மாற்றுபவர்களுக்கு, மாத்திரையைக் கவனமாகச் சாப்பிட முடியுமானால், உலோக வால்வுதான் வழக்கமான தேர்வு. நானும் உங்களுக்கு அதையே சொல்வேன்.

இந்த மாத்திரைக்காக மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வழியே இல்லாத மலைக்கிராமத்திலோ, குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் வயதிலோ நீங்கள் இருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

உலோக வால்வு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, முழுக்க உலோகம் இல்லை. பல வால்வுகளில் திறந்து மூடும் தகடு ஒருவகைக் கார்பன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வில் அந்தத் தகடு ஒரு உறுதியான பிளாஸ்டிக். முதலில் செய்து பார்த்த மாதிரிகள் சோதனையிலேயே தோற்று, நான்காவது மாதிரிதான் தேறியது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு. ‘விலை குறைவாச்சே, நல்லா இருக்குமா?’ என்று தயங்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று ஆபரேஷன் உண்டு. அட்டை இருந்தால் தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு இடத்துக்குப் போய்வாருங்கள். ஒன்று பல் டாக்டர். சொத்தைப் பல், ஈறு வீக்கம் எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிட வேண்டும். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்தால் விரட்டுவது மகா கஷ்டம். இரண்டாவது மகப்பேறு டாக்டர். உங்கள் வயதில் மாதவிலக்கு ஏற்கெனவே தாறுமாறாகும். கர்ப்பப்பையில் கட்டி இருந்து, மேலே அசிட்ரோமும் சேர்ந்தால் ரத்தப்போக்கு நிற்காது. இதய டாக்டர்களாகிய நாங்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறோம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் நான்கைந்து மணி நேரம். மார்பெலும்பை நடுவே அறுத்து, இதய நுரையீரல் எந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டு, இதயத்தை நிறுத்தி வைத்துச் செய்வது. கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது. இதை முன்பே தெரிந்துகொண்டவர்கள் பதறுவதில்லை. இரண்டு மூன்று நாள் ஐ.சி.யூ., மொத்தம் ஒரு வாரம் பத்து நாள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வது போலத் தெரியும். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். வலிக்கிறது என்று அதை ஓரமாக வைத்தவர்களுக்குத்தான் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

அறுத்த எலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது ஒட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கக் கூடாது. கையை ஊன்றி எழாமல், ஒருக்களித்துப் படுத்து எழுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும், தூக்கம் கெடும், சாப்பாடு கசக்கும். வீட்டில் உள்ளவர்கள் ‘அதான் எல்லாம் சரியாப் போச்சே’ என்பார்கள். இது நிறையப் பேருக்கு வந்து தானாகவே போகிறது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அசிட்ரோம் மாத்திரையைத் தினமும் மாலை ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு உங்களுக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். முதலில் வாரா வாரம், நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே லேபில். ஒரு வேளை மறந்தால் அன்றிரவே போடுங்கள்; மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். முருங்கைக்கீரையை ஒதுக்கச் சொல்வார்கள். ஒதுக்க வேண்டாம், வாரத்தில் எத்தனை முறை சாப்பிடுவீர்களோ அதே அளவில் சாப்பிடுங்கள். இரண்டு மாதம் கீரையே தொடாமல் இருந்து, திடீரென்று ஒரு வாரம் தினமும் சாப்பிடுவதுதான் அளவைக் கவிழ்க்கும். மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலிக்கு வாங்கும் மாத்திரை, இடுப்பு ஊசி, நாட்டு மருந்துப் பொடி எதுவும் கேட்காமல் வேண்டாம். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்திருப்பதாக யாராவது சொல்வார்கள். அவை உலோக வால்வுக்கு ஆகாது. டாபிகாட்ரானை வைத்து இதைச் சோதித்த ஆய்வை, கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், பல் பிடுங்குவதற்காக யாரோ சொன்னதை நம்பி ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் மூச்சுத்திணறலோடு வந்தார். கேட்டபோது, “டிக் டிக் சத்தம் நின்னு நாலு நாளாச்சு டாக்டர், நிம்மதியாத் தூங்கினேன்” என்றார். வால்வில் கட்டி பிடித்துத் தகடு அசையாமல் நின்றிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றிக் காப்பாற்றினோம். உலோக வால்வின் அந்த டிக் சத்தம் முதல் சில வாரம் இரவில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் சுவர்க்கடிகாரம் மாதிரி பழகிவிடும். மங்கினாலோ நின்றாலோ அன்றே போக வேண்டும். வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் என்றால் 108.

மிஷின் மிதிப்பது கால் வேலை, அது ஒன்றும் செய்யாது. ஆறு முதல் எட்டு வாரத்தில், உங்கள் சர்ஜன் சரி என்றால், அரை மணி அரை மணியாக ஆரம்பிக்கலாம். மேஜை மேல் கவிழ்ந்து பெரிய கத்தரியால் துணி வெட்டுவதுதான் நெஞ்சை இழுக்கும். மூன்று மாதம் அதை வேறு யாராவது செய்யட்டும். ஊசி குத்தினால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், பயப்பட வேண்டாம். ஆவணியில் ஆபரேஷன் என்றால் தீபாவளிக்கு ஊக்கு வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது போன்ற கைவேலை பார்க்கலாம். பொங்கலுக்கு ஆர்டர் பிடியுங்கள்.