பழனி மொட்டை என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. அடுத்த மாதம் முடி நடும் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. பழனியில் மொட்டை போட்டேன் என்றால் நம்புவார்களா? – வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, 10 வருடம் இந்தச் சிகிச்சை அறையில் நர்ஸாக நின்றவள் நான். முதல் 10 நாள் அந்தப் பொய் எடுபடாது. நட்ட இடமெல்லாம் கடுகு கடுகாகப் பொருக்கு கட்டியிருக்கும். முடி எடுத்த பின்னந்தலை புள்ளி புள்ளியாகச் சிவந்திருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீக்கம் சிலருக்குக் கண்ணிமை வரை இறங்கும். சந்தனம் பூசிய மொட்டை இப்படியா இருக்கும்? இரண்டு வாரம் விடுப்பு போடுங்கள். ‘சின்ன சிகிச்சை’ என்றால் போதும், அது பொய்யில்லை. அதற்கு மேல் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், நட்ட முடி ஒரு மாதத்தில் பெரும்பாலும் உதிரும், பயப்படாதீர்கள். 3, 4 மாதத்தில் முளைக்கும். முழுதாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். அவ்வளவு மெல்ல வருவதால் பக்கத்து சீட்காரருக்கே சட்டென்று பிடிபடாது.

மருத்துவரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் சொல்லுங்கள். வீட்டிலும் ஒருவருக்காவது தெரியட்டும். ஒரு பையன் யாரிடமும் சொல்லாமல் வந்து, அன்று மாலையே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பப் பார்த்தான். நான்தான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அனுப்பினேன். உங்களோடு அண்ணனோ மாமாவோ வரட்டும்.