வீரன் கச்சு கட்டலாமா?

வாசகர் கேள்வி: சங்ககாலப் பின்னணியில் நான் எழுதிய சிறுகதையில், 'கச்சு இறுக, வாளோடு எழுந்தான்' என்று ஒரு வீரனைப் பற்றி எழுதியிருந்தேன். கச்சு என்பது பெண்கள் மார்பில் அணிவது, மாற்றிவிடுங்கள் என்கிறார் நண்பர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. திருமுருகாற்றுப்படை முருகனையே 'கச்சினன் கழலினன் செச்சைக் கண்ணியன்' என்று பாடுகிறது. இறுகக் கட்டும் பட்டை எதுவானாலும் அது கச்சுதான். இடையில் கட்டினால் வீரனுடையது, மார்பில் கட்டினால் பெண்ணுடையது. பின்னாளில் மார்க்கச்சு என்ற பொருளே மேலோங்கிவிட்டதால்தான் நண்பருக்கு உறுத்துகிறது.

பழைய ஆடைப் பெயர்கள் பலவும், யார் உடுத்துகிறார் என்பதை வைத்து அல்லாமல், துணி எப்படி வந்தது என்பதை வைத்துப் பிறந்தவை. தறியிலிருந்து அறுத்தெடுப்பது அறுவை, துணித்தெடுப்பது துணி. சிறுபாணாற்றுப்படையில் பாணன் உடுத்துவது அறுவை. அதே பாட்டில் ஆய் என்னும் வள்ளல் ஆலமர் செல்வனாகிய சிவனுக்குக் கொடுப்பது கலிங்கம். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணிக்கு அந்நாட்டின் பெயரே நின்றது என்பர். 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்னும் புறநானூற்று 189ஆம் பாட்டிலும் அந்த இரண்டு ஆடைகளுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை.

புடவையும் முன்பு பொதுவாகத் துணியைக் குறித்த சொல்தான். யாழ்ப்பாணத்துப் புடவைக்கடையில் இன்றும் ஆண்களுக்கான சட்டைத்துணியும் சாரமும் (கைலி) வாங்கலாம். பாவாடையின் கதை இன்னும் சுவையானது: பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணிக்கும் அதுவே பெயர். அங்காளம்மனுக்குக் காவல் நிற்கும் பாவாடைராயன் ஆண் தெய்வம். வட தமிழகத்தில் பாவாடை என்ற பெயருடைய ஆண்களும் உண்டு.

ஆனால் வரலாறு அனுமதிப்பதையெல்லாம் கதை தாங்காது. 'வீரன் புடவை உடுத்தான்' என்று எழுதினால், இன்றைய வாசகர் சிரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அங்கே அறுவை அல்லது துகில் போதும். கச்சுக்கு அந்த இடர் குறைவு. அது எங்கே கட்டப்பட்டது என்பதை மட்டும் சேர்த்து, 'இடையில் கச்சு இறுக, வாளோடு எழுந்தான்' என்று எழுதிவிடுங்கள்.