பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? பிறகு ஏன் கேரள அரசு அதைப் பராமரிக்கிறது?

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்த வழியில் தக்கலையில் இறங்கி, டிக்கெட்டில் கேரள அரசின் பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். நான் அந்தக் கோட்டைச் சுவருக்கு அருகில் வளர்ந்தவன். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும்.

1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, இணைந்தன. மண் இங்கே வந்தது; அரண்மனையின் பொறுப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

கல்லூரி விடுதியில் என் அறை நண்பன், "உங்கள் ஊர் அரண்மனையே கேரளத்துடையது, அப்படியானால் நீ மலையாளிதானே?" என்றான். பதில் சொல்லாமல் நவராத்திரிக்கு முன்பு ஊருக்கு அழைத்து வந்தேன். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நிறுத்தினேன். வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள் வழியே மங்கலாக வெளிச்சம் விழுந்தது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து இழைத்ததாகச் சொல்லும் அந்தக் கறுத்த தரையில் அவன் நிழல் தெரிந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தான்.

பக்கத்தில் இருக்கும் திருவிதாங்கோடு என்ற சிற்றூர்தான் திருவிதாங்கூர் என்ற ராஜ்யத்துக்கே பெயர் கொடுத்தது என்று சொன்னேன். அந்த ராஜ்யத்தின் முன்னோடியான வேணாட்டின் அரசர்களுக்குக் கொல்லமும் பின்னர் திருவிதாங்கோடும் தலைநகரங்களாக இருந்தன, அதன்பின் கல்குளம். 1601 வாக்கில் இங்கே அரண்மனை எழுந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா, 1750-இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார்; கல்குளம் பத்மநாபபுரமானது. காயங்குளம், அம்பலப்புழை என்று அவர் வடக்கே பிடித்துக்கொண்டே போனதில் எங்கள் ஊர் ராஜ்யத்தின் தென்கோடியில் ஒதுங்கிவிட்டது. அவருக்கு அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795-இல், தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது.

தலைநகர் போனாலும் சரஸ்வதி அம்மன் போகவில்லை. இன்றும் நவராத்திரிக்கு இங்கிருந்துதான் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள வேண்டும். அன்று அரண்மனையில் அரசரின் உடைவாள் ஊர்வலத்துக்காகக் கைமாறியதையும், அம்மன் யானைமேல் புறப்பட்டதையும் நண்பன் நேரில் பார்த்தான். இரவு என் அப்பா அவனிடம் 1954 ஆகஸ்ட் 11-ஐப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டோடு இணையக் கேட்டதற்காக மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த நாள் அது. அப்போது அப்பாவுக்குப் பத்து வயது. அதன்பின் அந்த நண்பன் என்னை மலையாளி என்று சொன்னதில்லை.

உடனே சிலர் "அப்படியானால் அரண்மனையைப் பிடுங்கச் சொல்கிறாயா?" என்று வருவார்கள். இல்லை. கேரளத்தார் அதன் மரத்தையும் தரையையும் பொன்போல் காக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். நம் பக்கம் வந்த இரணியல் அரண்மனை பல ஆண்டுகள் கூரை சரிந்து, செடி முளைத்துக் கிடந்தது. அதைப் பார்த்த எவரும் இங்கே வீம்பு பேச முடியாது.

என் வயிற்றெரிச்சல் வேறு. அம்மன் போகும் அதே சாலையில், எங்கள் மலைகளை உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு டாரஸ் என்னும் கனரக லாரிகள் இரவெல்லாம் போகின்றன. வீட்டு ஜன்னல் அதிர்கிறது. மூன்று முறை மனு கொடுத்தோம், பதிலே இல்லை. அரண்மனை யாருடையது என்று சண்டை போடும் ஒருவர்கூட மலை யாருடையது என்று கேட்பதில்லை.

மறுபடி வந்தால் திங்கட்கிழமை வராதீர்கள், விடுமுறை. செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். மந்திரசாலையில் அவசரப்படாமல் கொஞ்சம் நில்லுங்கள், அந்தத் தரையின் குளிர்ச்சி காலில் ஏறும்.