எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: களியக்காவிளையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பி.காம். முடித்திருக்கிறேன். சமூகம், அரசியல் பற்றிய தத்துவ நூல்களைப் படிக்க ஆசை. தெரிந்த அண்ணன் ஒருவர் முதலில் கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ படி என்கிறார். தத்துவ வரலாறு ஒன்றை வாங்கி முப்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன். எங்கே தொடங்கலாம் சார்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: மக்களே, பக்கத்து ஊர்ப் பிள்ளை என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தை மூடியதில் உன் தவறு எதுவும் இல்லை. யார் யாரோடு வாதாடினார்கள் என்று தெரியாமல் முடிவுகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மனதில் நிற்காது. முதலில் ஒரு வாதத்தைப் படி.

அம்பேத்கரின் ‘சாதியை ஒழிக்க வழி’யில் தொடங்கு. 1936-இல் லாகூரில் ஒரு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். எழுதி அனுப்பிய உரையில் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடே நின்றுபோனது. உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் அதை மறுத்து எழுதினார். அடுத்த பதிப்பில் அந்த மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே வெளியிட்டார் அம்பேத்கர். மூன்றையும் சேர்த்துப் படி. அதே 1936 நவம்பர் 12-இல்தான் நம் ஊர்கள் அப்போது இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயில் கதவு திறந்துவிட்டால் சாதி போய்விடுமா? சாதியைத் தாங்கி நிற்பது சாஸ்திரங்கள் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை என்கிறார் அம்பேத்கர். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசி.

அப்புறம் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’. நீ துணிக்கடையில் இருப்பவள், உன்னிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நூல் வந்தது 1859-இல். அதே வருடம் ஜூலையில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் உத்தரவிட்டார். அதிலும் நிபந்தனை: ரவிக்கை போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி போர்த்தலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது. அடுத்தவருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவர் வாழ்க்கையில் அரசோ ஊரோ கை வைக்கக் கூடாது, அரசைவிட ஊரின் அடக்குமுறை ஆழமாகப் பாயும் என்று அந்த நூலில் மில் எழுதுகிறார். கல்குளத்திலும் இரணியலிலும் தோள்சீலைக்காக அடிபட்ட பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மில், இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று முதல் அத்தியாயத்திலேயே விலக்கு வைக்கிறார். 35 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் உன் மறுப்பை எழுது. முப்பது வருடம் வரலாறு நடத்திய நான் இந்த இரண்டு 1859-ஐயும் ஒரே நாளில் கரும்பலகையில் எழுதியதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ முழுவதும் இப்போது வேண்டாம், முதல் பகுதி போதும். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி என்றால், புத்தி பேதலித்த நண்பனிடம் அவன் கொடுத்துவைத்த ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று சாக்ரடீஸ் கேட்பார். ‘மூலதனம்’ தொடக்கத்திலேயே கடினமானது. அதற்குப் பதில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதி 1848-இல் வந்த ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’யை எடு; அது சிறியது, இரண்டு மாலையில் முடித்துவிடலாம். அந்த அண்ணனோடு உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது.

மலையாளம் வாசிக்கத் தெரியும் என்றால் பாறசாலைப் பக்கத்து நூலகங்களையும் விடாதே. எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு மொழிப் புத்தகங்களும் கைக்கெட்டும் தூரம்தான்.

சரி, ஒரு வேலை தருகிறேன். லாகூர் உரையை முடித்ததும் அம்பேத்கர் பக்கம் நிற்கத் தோன்றும், எனக்கும் அப்படித்தான். இருந்தாலும் காந்தியின் மறுப்பில் உனக்கு நியாயமாகப் பட்ட ஒரு வரியைத் தேடி, ஏன் என்று நாலு வரி எழுதி அனுப்பு.