தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ரோஸ் நிற உடை ஏன்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் முழுக்க ஊதா உடுத்தும் கத்தோலிக்கக் குருவானவர் ஒரு ஞாயிறு மட்டும் ரோஸ் நிறத்தில் வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஊதா மனமாற்றத்தின் நிறம். நாலாம் ஞாயிறன்று பாதி வழி தாண்டிவிடுகிறோம். அன்றைய வருகைப் பல்லவி, அதாவது திருப்பலியின் தொடக்கத்தில் வரும் பாடல் வரி, லத்தீனில் 'லேத்தாரே', அதாவது 'அகமகிழ்' என்று தொடங்கும். அந்த மகிழ்ச்சியில் ஊதா கொஞ்சம் வெளுத்து ரோஸ் ஆனது போல வைத்துக்கொள்ளுங்கள். பலிபீடத்தில் பூ வைக்கவும் அன்று அனுமதி உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறும் இப்படித்தான்; மெழுகுவத்தி வளையத்தில் மூன்று ஊதாவோடு ஒன்று மட்டும் ரோஸாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோஸ் கட்டாயமில்லை, ஊதாவே உடுத்தலாம்.

அப்புறம், மற்ற நிறங்கள்: வெள்ளை கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களுக்கு; பச்சை இந்தச் சிறப்புக் காலங்கள் போக மீதியுள்ள பொதுக்காலத்துக்கு. சிவப்பு இரத்தமும் நெருப்பும்: விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளின் நாள்கள், தூய ஆவிப் பெருவிழா (பெந்தகோஸ்து), பெரிய வெள்ளி. முன்பெல்லாம் பெரிய வெள்ளியன்று கருப்புதான் உடுத்தினார்கள். சிந்திய இரத்தத்தைச் சொல்லும் சிவப்பே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.